மீட்டுப் பார்க்காத நகல்

‘எல்லாத்தையும் பேக்கப் எடுத்து வெச்சிருக்கேன்’ என்று சொல்லும்போது நாம் இரண்டு வினைகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். எடுத்தது முடிந்துபோன செயல். அதற்குச் சாட்சி உண்டு: திரையில் கோடு ஓடி முடிந்ததையும் ‘நகலெடுப்பு முடிந்தது’ என்ற செய்தி வந்ததையும் கண்ணால் பார்த்திருப்போம். வைத்திருப்பது வேறு. இந்த நொடி வரை தொடர்வதாக நாம் நம்பும் ஒரு நிலை அது. அதற்குச் சாட்சி கிடையாது. கேமராவிலோ கைபேசியிலோ உள்ள மெமரி கார்டு ஒருநாள் திறக்க மறுக்கும்போது நமக்கு உதவ வேண்டியது இந்த இரண்டாவது வினைதான். அதையோ நாம் ஒருமுறைகூடச் சோதித்திருக்க மாட்டோம். அறிவியலில் சோதிக்கப்படாத கூற்றுக்குக் கருதுகோள் என்று பெயர். மெமரி கார்டின் நகலும் அப்படித்தான்: அதிலிருந்து ஒருமுறையாவது முழுமையாக மீட்டெடுத்துப் பார்க்கும் வரை அது கருதுகோள் மட்டுமே. கேட்பதற்கு இது அளவுக்கு மீறிய பயமாகத் தோன்றலாம். ஆனால் கார்டு எப்படி வேலை செய்கிறது, எப்படிச் சாகிறது, நகல் என்று நாம் எடுப்பது உண்மையில் எதை என்ற மூன்றையும் பார்த்தால் வேறு முடிவுக்கு வர இடமில்லை.

மைக்ரோ எஸ்டி கார்டின் நீளம் 15 மில்லிமீட்டர், அகலம் 11, தடிமன் 1. அந்த விரல்நகத்துக்குள் பல நூறு கோடி நுண்ணறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையும் ஒரு டிரான்சிஸ்டர். சாதாரண டிரான்சிஸ்டரில் இல்லாத ஒரு பகுதி அதில் கூடுதலாக உண்டு. நாற்புறமும் மின்கடத்தாப் பொருள் சூழ்ந்த, எந்தக் கம்பியோடும் இணையாத ஒரு சின்னத் தீவு அது. மிதக்கும் வாயில் என்று அதைச் சொல்வார்கள். இந்த அமைப்பை 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சீ இருவரும் முன்வைத்தார்கள். ஏறத்தாழ 20 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், தடுப்புச் சுவரைத் தாண்ட முடியாத எலெக்ட்ரான்கள் குவாண்டம் விதிப்படி அதை ஊடுருவித் தீவுக்குள் போய்ச் சேர்கின்றன. மின்சாரத்தை நிறுத்தினாலும் அங்கேயே தங்குகின்றன. எலெக்ட்ரான்கள் அங்கே இருக்கின்றனவா இல்லையா என்பதுதான் நாம் எழுதிவைத்த தகவல். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா, இத்தகைய அறைகளைக் கூட்டங்கூட்டமாக ஒரே நேரத்தில் அழிக்கும் முறையை 1984-இல் அறிவித்தார். இன்றைய கார்டுகளின் அடிப்படையான நேண்ட் வகையை 1987-இல் வெளியிட்டார். ஒரே வீச்சில் எல்லாம் அழிவது கேமராவின் மின்வெட்டொளியை நினைவூட்டியதால், உடன் பணியாற்றிய ஒருவர் ‘ஃபிளாஷ்’ என்று பெயர் சூட்டினார். பெயரிலேயே அழிப்பு இருக்கும் நினைவகம் இது.

தொடக்கத்தில் ஓர் அறைக்கு ஒரு பிட்தான்: தீவில் மின்னூட்டம் உண்டு, அல்லது இல்லை. குறைந்த விலையில் கூடுதல் இடம் வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது, மின்னூட்டத்தின் அளவையே பல படிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பிட் வைக்க 4 படிகள் வேண்டும், மூன்று பிட்டுக்கு 8, நான்கு பிட்டுக்கு 16. ஒரு தம்ளரில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால் எட்ட நின்றே சொல்லிவிடலாம். பதினாறு கோடுகளில் எந்தக் கோடு வரை இருக்கிறது என்று கேட்டால் குனிந்து உற்றுப் பார்க்க வேண்டும். தம்ளர் சற்றே கசிவதாகவும் இருந்தால் காலையில் பார்த்த கோடு மாலையில் இருக்காது. நுண்ணறைகளும் கசிகின்றன. ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் தடுப்புச் சுவர் கொஞ்சம் பழுதாகிறது. பழுதான சுவர் வழியே எலெக்ட்ரான்கள் மெல்ல வெளியேறுகின்றன. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. ஓர் அறைக்கு ஒரு பிட் வைத்த பழைய வகை ஏறத்தாழ 1,00,000 முறை எழுதி அழிப்பதைத் தாங்கியது. மூன்று பிட் வகை தாங்குவது சில ஆயிரம் முறைதான். நான்கு பிட் வகை அதைவிடவும் குறைவு. நாள் முழுதும் பழைய பதிவை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே, சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் கிடக்கும் வண்டிக் கேமராவின் கார்டு இந்த இரண்டு தொல்லைகளையும் சேர்த்தே அனுபவிக்கிறது.

இவ்வளவு தள்ளாட்டமான பொருள் நமக்கு உறுதியாகத் தோன்றுவதற்குக் காரணம், கார்டுக்குள் இருக்கும் இன்னொரு சில்லு. கட்டுப்பாட்டுச் சில்லு என்று அதை அழைக்கலாம். நேண்ட் நினைவகத்தில் சிறு சிறு பக்கங்களாக எழுத முடியும். அழிப்பதென்றால் பல நூறு பக்கங்கள் கொண்ட தொகுதியை மொத்தமாகத்தான் அழிக்க முடியும். ஒரு வரியைத் திருத்தவும் கரும்பலகை முழுவதையும் துடைக்க வேண்டிய நிலை. எனவே கட்டுப்பாட்டுச் சில்லு திருத்திய வரியை வேறொரு பலகையில் எழுதி, ‘இனி அந்த வரி இங்கே’ என்று தனக்குள் ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்கிறது. எல்லாத் தொகுதிகளும் சமமாகத் தேயும்படி தகவலை இடம் மாற்றுகிறது. கெட்ட தொகுதிகளை ஒதுக்கி வைக்கிறது. படிக்கும்போது தவறாக வரும் பிட்களை, எழுதும்போதே சேர்த்துவைத்த கூடுதல் பிட்களைக் கொண்டு கணக்கிட்டுத் திருத்துகிறது. ஆகவே கார்டிலிருந்து நாம் படிப்பது நேரடியாக எழுத்தை அன்று. மங்கிய எழுத்தைப் பார்த்து ஒரு திறமையான கணக்கர் ஊகித்துச் சொல்லும் வாசகத்தை. ஊகம் சரியாக இருக்கும் வரை நமக்கு ஒரு குறையும் தெரியாது. பிழைகளின் எண்ணிக்கை திருத்தும் வரம்பைத் தாண்டும் நொடியில் அந்தப் பகுதி மொத்தமாகக் கைவிட்டுப் போகும். நாற்காலியின் கால் முறிவதற்கு முன் ஆடிக் காட்டும். கார்டு ஆடிக் காட்டுவதில்லை, ஆட்டத்தை மறைப்பதே அதன் கட்டுப்பாட்டுச் சில்லின் வேலை. அந்தச் சில்லே பழுதானாலோ, அதன் குறிப்பேடு சிதைந்தாலோ, அறைகளில் எலெக்ட்ரான்கள் அப்படியே இருந்தும் எந்த வரி எங்கே என்று சொல்ல ஆள் இருக்காது. முன்னறிவிப்பு வந்ததும் நகலெடுத்துக்கொள்ளலாம் என்ற திட்டம் இங்கே பலிக்காததற்கு இதுதான் காரணம்.

சரி, முன்கூட்டியே நகலெடுக்கிறோம். எதை நகலெடுக்கிறோம்? கார்டைக் கணினியில் செருகி, தெரியும் கோப்புகளை எல்லாம் தேர்ந்தெடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டுவதுதான் வழக்கம். கேமராவின் படங்களுக்கு இது பெரும்பாலும் போதும். ஏனென்றால் அங்கே நமக்கு வேண்டியது படங்கள்தான். கேமராவை இயக்கும் மென்பொருள் கார்டில் இல்லை. கார்டே சாதனத்தின் முழு நினைவாக இருக்கும் இடங்களில் இந்த வழக்கம் ஏமாற்றிவிடும். 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி இதற்கு நல்ல உதாரணம். பள்ளி ஆய்வகம், வானிலைக் கருவி, வீட்டுக் கண்காணிப்பு என்று பல இடங்களில் உழைக்கும் அந்தக் கணினிக்கு வழக்கமான வட்டு கிடையாது. இயங்குதளம், அமைப்புகள், சேர்த்த தரவு எல்லாம் ஒரே கார்டில். அந்தக் கார்டு இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் பகுதி சிறியது, கணினியைத் தொடங்கிவைக்கும் கோப்புகள் மட்டும் கொண்டது. இரண்டாவது பகுதியில்தான் மற்றதெல்லாம். விண்டோஸ் கணினி வழக்கமாகக் காட்டுவது முதல் பகுதியை மட்டுமே, ஏனெனில் இரண்டாவது பகுதியின் கோப்பு முறையை அது படிப்பதில்லை. அங்கே ‘எல்லாவற்றையும் தேர்ந்தெடு’ என்று அழுத்தி நகலெடுத்தவர் எல்லாவற்றையும் எடுத்ததாகவே நினைப்பார். எடுத்தது வாசற்கதவை மட்டும். வீடு கார்டிலேயே நின்றுவிட்டது.

இதற்கு மாற்று, கார்டின் முழுப் பிம்பத்தை எடுப்பது. கோப்பு, கோப்புறை என்ற வேறுபாடு பாராமல் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை வரிசையாகப் படித்து ஒரே பெரிய கோப்பாக எழுதிவிடுவார்கள். லினக்ஸ் உலகில் ‘டிடி’ என்ற பழைய கட்டளை இதைச் செய்கிறது. விண்டோஸில் வின்32 டிஸ்க் இமேஜர் போன்ற நிரல்கள் உண்டு. பகுதிப் பிரிவுகள், தொடக்கக் கோப்புகள், கண்ணுக்குத் தெரியாத அமைப்புகள் எல்லாம் அப்படியே வந்துவிடும். ஆனால் இதிலும் பள்ளங்கள் இருக்கின்றன. 32 ஜிபி என்று அச்சிட்ட இரண்டு கார்டுகள் துல்லியமாக ஒரே அளவில் இருப்பதில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் சில மெகாபைட்டுகள் முன்பின் இருக்கும். மூலக் கார்டைவிடச் சற்றே சிறிய கார்டில் பிம்பத்தை எழுத முயன்றால் வால் வெளியே நிற்கும், மீட்பு பாதியில் முறியும். பிம்பத்தைச் சேமிக்கும் வட்டு பழைய ஃபேட்32 முறையில் இருந்தால், அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிம்பம் எடுத்தால், படிக்கத் தொடங்கிய நொடியின் தலையும் படித்து முடித்த நொடியின் வாலும் சேர்ந்த ஓர் உருவம் கிடைக்கும். அப்படி எந்த நொடியிலும் அந்தக் கார்டு இருந்ததே இல்லை. நகலெடுக்கும் நேரத்தில் இவற்றில் பெரும்பாலானவை தலைகாட்டாது, ஒவ்வொன்றும் மீட்கும் நேரத்தில்தான் தெரியவரும்.

நகல் மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கக் கணிதம் ஓர் அருமையான கருவியைத் தந்திருக்கிறது. எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் அதை அரைத்துப் பிழிந்து ஒரு குறிப்பிட்ட நீளமுள்ள எண்ணாகச் சுருக்கும் சார்புகள் உள்ளன. எஸ்ஹெச்ஏ-256 அவற்றில் ஒன்று. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விளைவாக வரும் 64 குறிகள் கொண்ட வரிசை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். வரக்கூடிய விளைவுகளின் எண்ணிக்கை, 1-ஐ அடுத்து 77 சுழியங்கள் போட்ட எண்ணை ஒட்டியது. ஆகவே கைரேகை போன்ற இந்த வரிசை கார்டுக்கும் பிம்பத்துக்கும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றே என்று துணிந்து நம்பலாம். இதோடு சோதனை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. கைரேகை நிரூபிப்பது நகலெடுத்தவர் உண்மையாக நகலெடுத்தார் என்பதை மட்டுமே. மூலத்திலேயே கெட்டுப்போயிருந்த படத்தை அது அப்பழுக்கில்லாமல் நகலெடுத்ததாகச் சான்றிதழ் கொடுக்கும். வீட்டை விட்டுவிட்டு வாசற்கதவை மட்டும் எடுத்திருந்தாலும், கதவு கச்சிதம் என்றே சொல்லும். சாதனம் இந்த நகலிலிருந்து எழுந்து நடக்குமா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

எழுதுவதில் கிடைக்கும் வெற்றிச் செய்தி எவ்வளவு குறைந்த சான்று என்பதைப் போலிக் கார்டுகள் அப்பட்டமாகக் காட்டுகின்றன. 32 ஜிபி இடமுள்ள கார்டின் கட்டுப்பாட்டுச் சில்லைத் திருத்தி, ‘என்னிடம் 512 ஜிபி இருக்கிறது’ என்று சொல்ல வைத்து, மலிவு விலையில் விற்கும் மோசடி உலகெங்கும் நடக்கிறது. கணினி அந்தச் சொல்லை நம்புகிறது. 40 ஜிபி காணொளியை அதில் நகலெடுத்தால் கோடு கடைசி வரை ஓடும், பிழைச்செய்தி எதுவும் வராது, கோப்பின் பெயரும் அளவும் பட்டியலில் ஒழுங்காகத் தெரியும். உண்மையில் முதல் 32 ஜிபிக்குப் பிறகு வந்தவை காற்றில் விடப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் முன்பு எழுதியவற்றின் தலையிலேயே எழுதப்பட்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற நிரல்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான்: கார்டு நிறையும் வரை எழுதி, எழுதியதை முழுக்கத் திரும்பப் படித்துப் பார்ப்பது. எழுதும் பக்கத்திலிருந்து எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் போலியையும் அசலையும் பிரிக்க முடியாது. திரும்பப் படிக்கும்போதுதான் குட்டு உடைகிறது.

கவனக்குறைவான தனிமனிதர்களுக்கு நேரும் சங்கடம் இது, தொழில் தெரிந்தவர்களுக்கு நேராது என்று நினைக்கத் தோன்றும். நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது அந்த நினைப்பைக் குலைத்தது. தரவுத்தளக் கோளாறு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், துணைச் சேவையகத்தில் அழிக்க வேண்டியதை முதன்மைச் சேவையகத்தில் அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி போய்விட்டது. அவர்களிடம் ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில் ஐந்தில் எதுவும் நம்பும்படி வேலை செய்யவில்லை. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நினைத்த நகல், மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் எடுக்கப்படவே இல்லை. அந்தத் தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு நகல்தான் கடைசியில் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. நடந்தது அனைத்தையும் அந்த நிறுவனமே ஒளிவின்றி வெளியிட்டதால் இன்று அது பாடமாக இருக்கிறது. ஏற்பாடுகளின் எண்ணிக்கையில் அங்கே குறையே இல்லை. ஐந்தையும் நகலெடுக்கும் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மீட்கும் பக்கத்திலிருந்து யாரும் பார்க்கவில்லை.

இதற்கு வரும் முதல் மறுப்பு நிகழ்தகவைச் சார்ந்தது. கார்டும் நகலும் ஒரே நேரத்தில் கெடுவது அரிதினும் அரிது, பிறகெதற்கு இவ்வளவு பாடு என்பார்கள். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஓராண்டில் கார்டு கெடும் வாய்ப்பு நூற்றில் ஒன்று, நகலும் அதேபோல் நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து கெடும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான். மறுப்பாளர் மனத்தில் இருப்பது இந்தக் கணக்கு. அதில் ஓர் எண் மட்டும் பொய். நூற்றில் ஒன்று என்பது நல்ல நிலையில் தொடங்கிய நகல் பின்னால் கெடும் வாய்ப்பு. தொடக்கத்திலேயே நகல் பயனற்றதாக இருக்கும் வாய்ப்பை அது சேர்க்கவில்லை. பாதிப் பிம்பம், தவறான பகுதி, போலிக் கார்டு, மறந்துபோன கடவுச்சொல் என்று சோதிக்கப்படாத நகல் வீணாகப் போக வழிகள் பல. அந்த வாய்ப்பை மூன்றில் ஒன்று என்று வைத்தால் மொத்த ஆபத்து முந்நூற்றில் ஒன்றாக ஏறிவிடுகிறது. பத்தாயிரத்தில் ஒன்று என்ற நிம்மதி முப்பது மடங்குக்கு மேல் மிகைப்பட்டது என்று பொருள். மூன்றில் ஒன்று என்பது நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட எண்தான். உங்கள் நகலுக்கு உரிய எண் எது என்பதை மீட்டுப் பார்க்காமல் நீங்களும் சொல்ல முடியாது. பெரிய செலவில்லாமல் அந்த ஆபத்தைக் குறைக்கும் வழி ஒரு மீட்புச் சோதனை.

இரண்டாவது மறுப்பு மேகத்தைச் சுட்டும். படமெல்லாம் தானாகவே இணையத்துக்குப் போய்விடுகிறதே, கார்டைப் பற்றி இனி என்ன கவலை? இதில் உண்மை உண்டு. கைபேசி தொலைந்தாலும் படங்கள் பிழைத்த வீடுகள் பல. ஆனால் இத்தகைய சேவைகளில் பல செய்வது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே ஒரு கோப்பு சிதைந்தால் சிதைந்த வடிவமே அங்கேயும் போய்ச் சேரும். கண்ணாடியில் தெரியும் உருவத்தை யாரும் இரண்டாவது ஆள் என்று கணக்கிடுவதில்லை. மேலும் மேகம் என்று சொல்லப்படுவதும் எங்கோ ஒரு கட்டடத்தில் உள்ள வட்டுகளே. தென் கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பற்றியபோது, அரசு ஊழியர்கள் தங்கள் பணிக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் எரிந்துபோனது. 858 டெராபைட் தரவு. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே எங்கும் நகல் இருக்கவில்லை. மேகத்தைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அதையும் ஒரு நகலாக மட்டும் எண்ணி, அதிலிருந்து ஒரு கோப்புறையையாவது இறக்கித் திறந்து பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது மறுப்பு தொழில்நுட்பம் கொஞ்சம் தெரிந்தவர்களிடமிருந்து வரும்: அழிந்ததை மீட்கத்தான் மென்பொருள்கள் இருக்கின்றனவே? கார்டுகளில் வழக்கமாக உள்ள கோப்பு முறைகளில் ஒரு கோப்பை அழித்தால் உள்ளடக்கம் உடனே அழிவதில்லை. ஃபேட் முறையில் பட்டியலில் உள்ள பெயரின் முதல் எழுத்து ஒரு குறியாக மாற்றப்பட்டு, ‘இந்த இடம் காலி’ என்று பதிவாகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறு எழுதப்படும் வரை ஃபோட்டோரெக் போன்ற நிரல்கள் படத்தின் தொடக்க அடையாளத்தைத் தேடிப் பிடித்து வெளியே இழுத்துவிடும். கார்டைத் தவறுதலாக ஃபார்மட் செய்தவர் உடனே அதை வெளியே எடுத்துவிட வேண்டும், மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்கக் கூடாது என்பதன் காரணம் இதுவே. ஆனால் துண்டு துண்டாகச் சிதறிய பெரிய காணொளிகளுக்கு இந்த வித்தை எளிதில் பலிக்காது. கட்டுப்பாட்டுச் சில்லே செத்தால் நிரலுக்குப் படிக்க எதுவுமே கிடைக்காது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 பதிப்பிலிருந்து, கார்டைக் கைபேசியின் உள் சேமிப்பகமாகவே மாற்றிக்கொள்ளும் வசதி சில கைபேசிகளில் உண்டு. அப்படிச் செய்தால் கார்டில் உள்ள அனைத்தும் மறையாக்கம் ஆகிவிடும். அதைத் திறக்கும் சாவி கைபேசிக்குள்ளேயே இருக்கும். கைபேசி உடைந்தால் கார்டின் ஒவ்வொரு பிட்டும் நலமாக இருந்தும் பயனில்லை. அத்தகைய கார்டை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை பிம்பமாக எடுத்து, கைரேகையும் ஒத்துப்போகிறதென்று மகிழ்ந்தவர், பூட்டிய பெட்டியின் நகலைத்தான் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது, இதுதான் வலுவானதும்கூட. மீட்டுப் பார்ப்பதற்கு நேரம் வேண்டும், அதைவிட மோசமாக, மீட்கும் செயலே ஆபத்தானது. டிடி கட்டளையில் எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றித் தட்டினால் நகல் இருந்த வட்டே காலியாகிவிடும். மூலக் கார்டின் மேலேயே நகலை எழுதிச் சோதிப்பவர், நகல் கெட்டதாக இருந்தால் இரண்டையும் ஒருசேர இழப்பார். எனவே சோதனைக்கு ஒரு விதி: மூலத்தைத் தொடவே கூடாது. பெரிய எஸ்டி கார்டுகளின் பக்கவாட்டில் உள்ள சின்னத் தாழ்ப்பாளைப் பூட்டு நிலைக்குத் தள்ளிவிட்டுப் பிம்பம் எடுப்பது நல்லது. அந்தத் தாழ்ப்பாளைக் கணினி மதித்தால்தான் பலன் என்பதால் அதை மட்டும் நம்பவும் கூடாது. பிறகு அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு கார்டில் பிம்பத்தை எழுதி, அதைச் சாதனத்தில் போட்டு இயக்கிப் பார்க்க வேண்டும். நேரம் என்ன ஆகும்? நொடிக்கு 20 மெகாபைட் வேகத்தில் 64 ஜிபி கார்டை முழுதாக எழுத ஏறத்தாழ 53 நிமிடம். அத்தனை நேரமும் நாம் அருகில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நகலுக்கும் இதைச் செய்யவும் வேண்டாம். முறையை மாற்றும்போதும், கருவியை மாற்றும்போதும், அவ்வப்போது இடையிலும் செய்தால் போதும். சோதிப்பது நகலெடுக்கும் முறையை; முறை தேறிவிட்டால் அதே வழியில் எடுத்த மற்ற நகல்கள்மேல் வைக்கும் நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை கிடைக்கிறது.

நகல்கள் எத்தனை என்பதற்கு, அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரவலாக்கிய 3-2-1 விதி இன்று பலரும் அறிந்தது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில். இந்த எண்களுக்குப் பின்னால் உள்ள தத்துவம் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் அச்சேற்றியபோது பல ஊர்களிலிருந்து கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். ஒன்றில் செல்லரித்துப்போன அடி இன்னொன்றில் முழுதாக இருக்கும். ஒருவர் கைப்பிழையாக எழுதியதை வேறொருவர் ஏடு காட்டிக்கொடுக்கும். பிழைகள் வெவ்வேறு இடங்களில் விழுந்ததால்தான் இது முடிந்தது. எல்லா ஏடுகளும் ஒரே பிழையுள்ள தாய் ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டிருந்தால் நூறு ஏடுகள் இருந்தும் பயனில்லை. கார்டுக்குள் பிழை திருத்தும் கணக்கும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது, நமது நகல்களும் அப்படித்தான் நிற்க வேண்டும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு கார்டுகளை ஒரே பையில் வைத்திருப்பவரிடம் இரண்டு நகல்கள் இருப்பதாகச் சொல்ல முடியாது. வெயில், திருட்டு, தயாரிப்புக் குறை எது வந்தாலும் இரண்டுக்கும் சேர்ந்தே வரும். பிரதிகளை எண்ணும்போது, அவை ஒன்றையொன்று சாராமல் கெடக்கூடியவையா என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

மீட்பு என்பது எங்கே தொடங்குகிறது என்பதற்கு மிகத் தொலைவில் நடந்த ஒரு சான்று உண்டு. நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி செவ்வாயில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், 2004 ஜனவரி 21 அன்று பூமியோடு ஒழுங்காகப் பேசுவதை நிறுத்தியது. அதன் 256 மெகாபைட் ஃபிளாஷ் நினைவகத்தில், பயணக் காலத்துக் கோப்புகளும் சேர்ந்து, அளவுக்கு மீறிக் கோப்புகள் குவிந்திருந்தன. தொடங்கும்போது அந்தக் கோப்புப் பட்டியலைத் தற்காலிக நினைவகத்துக்குள் ஏற்ற வேண்டும், இடம் போதவில்லை, கணினி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது, மீண்டும் அதே பட்டியல், மீண்டும் அதே முட்டுக்கட்டை. அறுபது முறைக்கு மேல் இப்படியே நடந்தது. போய்க் கார்டைக் கழற்றி மாட்ட வழியில்லாத இடம். பொறியாளர்களைக் காப்பாற்றியது, ஊர்தியை ஏவுவதற்கு முன்பே அதற்குள் வைத்திருந்த ஒரு கட்டளை: ஃபிளாஷ் நினைவகத்தைத் தொடாமலே விழித்தெழு. அந்தக் கட்டளை வேலை செய்தது. கோப்புகளை அகற்றி, பிப்ரவரி முதல் வாரத்தில் நினைவகத்தை ஃபார்மட் செய்து, ஊர்தியை மறுபடி வேலைக்கு அனுப்பினார்கள். 90 செவ்வாய் நாட்கள் உழைக்கும் என்று அனுப்பப்பட்ட ஸ்பிரிட், 2010 மார்ச் வரை செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. மீண்டெழும் வழி கெட்டுப்போன நினைவகத்துக்குள் இருந்திருந்தால் அந்த ஆறு ஆண்டுகள் கிடைத்திருக்காது. நம் வீட்டுக் கார்டுக்கும் இதையே கேட்டுப் பார்க்கலாம். அதன் பிம்பம் எந்த வட்டில் இருக்கிறது, எந்த நிரலால் எழுத வேண்டும், கடவுச்சொல் என்ன என்ற மூன்றும் அந்தக் கார்டைத் தவிர வேறெங்கே எழுதப்பட்டிருக்கின்றன? பெரும்பாலும் பதில் அந்தக் கார்டு செருகியுள்ள கைபேசிக்குள்ளேயே இருக்கும் ஒரு குறிப்பாகத்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கார்டு கெடும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு மணி நேரமும் ஒரு காலிக் கார்டும் இருந்தால் இன்றைக்கே தெரிந்துவிடும்.